முளைக்காத ஆவாரை, காணாமல்போன காந்தள்: வறட்சி தாங்கும் நாட்டுப் பூச்செடிகளை விதையிலிருந்து வளர்க்கும்போது வரும் கோளாறுகள்

தரிசில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் குலுங்கும் செடி, அதே விதையைத் தொட்டியில் போட்டால் தலைகாட்டுவதே இல்லை. நாட்டுப் பூச்செடி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான். அடுத்த குறை, முளைத்தவை இரண்டு வாரத்தில் சாய்ந்துவிடுகின்றன என்பது. முதலாவதற்குப் பெரும்பாலும் விதைத்தோல் காரணம், இரண்டாவதற்குப் பூவாளி.

தமிழகச் சமவெளியின் செம்மண், கரிசல், சரளை நிலங்களில் தானாக வளரும் பல்லாண்டுச் செடிகளுக்கானது இந்தக் குறிப்பு: ஆவாரை, கொழிஞ்சி, துத்தி, விஷ்ணுகிராந்தி, செம்முள்ளி, எருக்கு, வேலிப்பருத்தி, செங்காந்தள். உங்கள் செடியில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

எந்த விதையானாலும் கையில் இருப்பதை முழுக்கப் போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் காகித உறையில் எடுத்து வையுங்கள். கீழே சொல்லும் சோதனை பலவற்றுக்கும் அந்த விதை தேவைப்படும்.

## விதைத்தேன், ஒன்றுமே முளைக்கவில்லை

முதலில் நாள் கணக்கு. எருக்கும் வேலிப்பருத்தியும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். கீழே சொல்லும்படி விதைத்தோலை நேர்த்தி செய்த ஆவாரை, துத்தி, கொழிஞ்சியும் ஏறக்குறைய அப்படித்தான். செங்காந்தளை ஒரு மாதத்துக்கு முன் எதிர்பார்க்கவே கூடாது. மூன்று நான்கு மாதம் இழுப்பதும் உண்டு. காந்தள் விதைத்த தொட்டியை அவசரப்பட்டுக் கொட்டிக் கவிழ்ப்பதுதான் அதன் விதைக்கு நேரும் பெரிய கேடு.

நாள் கடந்துவிட்டது என்றால் ஊகம் வேண்டாம். ஒரு கரண்டியால் கிளறி ஐந்தாறு விதைகளை வெளியே எடுத்துப் பாருங்கள். அவை எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### கிளறினால் விதையே காணோம்

எறும்பு. அடுத்தபடியாக அணில், எலி, மைனா. மண்மேல் சின்ன வரிசைத் தடமும் ஓரத்தில் பொடிமண் குவியலும் தெரிந்தால் எறும்பு; சிறு குழிகள் பறித்திருந்தால் அணில் அல்லது பறவை. தொட்டியின் காலை நீர் நிரம்பிய தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது. அணிலுக்கும் பறவைக்கும் கொசுவலைக் கம்பியை மேலே கவிழ்த்து, விதையிலைக்கு அடுத்து வரும் முதல் உண்மையிலை தெரியும்வரை விட்டு வையுங்கள். நிலத்தில் நேரடியாகத் தூவுகிறவர்கள் விதையை ஐந்து மடங்கு மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் தள்ளி, காலால் மிதித்து அழுத்த வேண்டும். மண்மேல் பளிச்சென்று கிடக்கும் விதை மறுநாள் இருக்காது.

### விதை இருக்கிறது, போட்டபோது இருந்ததைப் போலவே கல்லாக

ஆவாரை, கொழிஞ்சி, துத்தி, விஷ்ணுகிராந்தி நான்குக்கும் பொது நோய் இது. நோய் என்று சொல்வதுகூடத் தவறு. தண்ணீர் உள்ளே போகாத தோல் அவற்றுக்கு இயல்பு. எவ்வளவு நாள் ஊற்றினாலும் பயனில்லை.

உறுதி செய்ய, எடுத்து வைத்ததில் 20 விதையைத் தண்ணீரில் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். உப்பியவை தண்ணீர் குடித்தவை, உடனே விதைக்கலாம். அளவு மாறாமல் கிடப்பவை கல்விதை. 20-க்கு 15 கல்விதை என்பது ஆவாரையில் சாதாரணம்.

வெந்நீர் நேர்த்தியில் தொடங்குங்கள். விதையைப் போல் பத்து மடங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடு 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்திருக்கும். இப்போது விதையைக் கொட்டி, மூடாமல் இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பருப்பு வெந்துவிடும். பிறகு அது உப்பும், ஆனால் முளைக்காது. காலையில் உப்பியவற்றைப் பிரித்து அன்றே விதையுங்கள். உப்பிய விதையைக் காயவைத்து மறுபடி எடுத்துவைக்க முடியாது.

வெந்நீருக்கும் அசையாதவற்றை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஆவாரை விதை கையில் பிடிக்கும் அளவு இருப்பதால் ஒவ்வொன்றாகத் தேய்க்கலாம். விதை காம்போடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம் முளை இருக்கும். அதைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தைத் தேயுங்கள். உள்ளிருக்கும் வெளிர் நிறம் புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கொழிஞ்சி, விஷ்ணுகிராந்தி போன்ற பொடி விதைக்கு ஒரு மூடி போட்ட டப்பாவின் உட்புறம் உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்ளே தெரியும்படி ஒட்டி, விதையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் குலுக்கினால் போதும். குலுக்கியபின் மறுபடி ஊறவைத்து, எத்தனை உப்புகின்றன என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் உப்பினால் அந்தக் கணக்கிலேயே மீதியையும் செய்யலாம்.

கந்தக அமிலத்தில் ஊறவைக்கும் முறை ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அது சரி. வீட்டில் வேண்டாம், உப்புத்தாள் செய்யாத எதையும் அது நமக்குச் செய்துவிடப் போவதில்லை. ஏக்கர் கணக்கில் விதைக்கப்போய் பல கிலோ விதையை நேர்த்தி செய்ய வேண்டியிருந்தால் மட்டும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, அவர்கள் முன்னிலையில் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வேலியோரமோ தரிசோ நிரப்புவதுதான் நோக்கம் என்றால் நேர்த்தியே செய்யாமல் புரட்டாசியில் மழைக்கு முன் தூவிவிடலாம். ஒரு பங்கு இந்த மழைக்கு வரும், இன்னொரு பங்கு அடுத்த மழைக்கு, மிச்சம் அதற்கும் பிறகு. ஒரு வருடம் மழை ஏமாற்றினாலும் மண்ணில் இருப்பு இருக்கும். பாதி நேர்த்தி செய்தது, பாதி செய்யாதது என்று கலந்து தூவுவது இன்னும் நல்லது.

### விதை கூழாகிவிட்டது, நசுக்கினால் நாறுகிறது

ஈரம் அதிகம், ஆழம் அதிகம், அல்லது இரண்டும். எந்த விதையையும் அதன் கனத்தைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் புதைக்காதீர்கள். ஆவாரைக்கு 1 செ.மீ., விஷ்ணுகிராந்திக்கு மேலே தூவிய மணலே போதும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் 1 பங்கு. இதை விடச் சத்தான கலவை இந்தச் செடிகளுக்குத் தேவையில்லை. ஊற்றிய தண்ணீர் மேலே ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் மணலைக் கூட்டுங்கள். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பிய குழித்தட்டு காய்கறி நாற்றுக்கு ஏற்றது. இவற்றுக்கு அது மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும்.

செம்முள்ளிக்கு இங்கே தனி எச்சரிக்கை. அதையும் அதன் உறவான டிசம்பர் பூவையும் ஊறவைக்கவே கூடாது. விதைமேல் படிந்திருக்கும் மயிர்கள் நனைந்ததும் வழுவழுப்பான பசையாகி, விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுகிப்போகும். உலர்ந்த விதையைப் படுக்கைவாட்டில் வைத்து அரை செ.மீ. மணல் மூடி, பிறகு நீர் தெளியுங்கள். ‘எல்லா விதையையும் ஒரு ராத்திரி ஊறவை’ என்ற பொது அறிவுரை கெடுக்கும் செடிகள் இவை.

செங்காந்தள் விதையைச் சுற்றி சிவப்புச் சதை இருக்கும். அதை அப்படியே போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு மணலில் தேய்த்துச் சதையைக் கழுவி எடுத்துவிட்டு விதையுங்கள்.

### விதை சல்லடையாக இருக்கிறது, அல்லது உள்ளே வெறும் தோல்

விதையில் வட்டமான சின்ன ஓட்டை தெரிந்தால் வண்டு. ஆவாரை, கொழிஞ்சிக் காய்களில் செடியில் இருக்கும்போதே வண்டு முட்டையிட்டுவிடும். சேமித்த டப்பாவுக்குள் பொரிந்து மிச்சத்தையும் தின்னும். ஓட்டை விழுந்ததைத் தூக்கி எறியுங்கள். அடுத்த தடவை காய் பறித்து உரித்ததும் நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் புழுவும் செத்துவிடும். காயாத விதையை உறைபெட்டியில் வைத்தால் புழுவோடு விதையும் சாகும். வெளியே எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் விதைமேல் நீர் கோக்காது.

ஓட்டை இல்லை, ஆனால் உள்ளீடும் இல்லை என்றால் காயை முற்றுமுன் பறித்திருக்கிறார்கள். ஆவாரைக் காய் பழுப்பேறித் தாள் மாதிரி ஆகி, ஆட்டினால் சலசலக்க வேண்டும். துத்திக் காய் கறுத்து விரிய வேண்டும். எருக்கு, வேலிப்பருத்திக் காய் தானாக வெடிக்கத் தொடங்கிய அன்றே எடுக்க வேண்டும். மறுநாள் பஞ்சோடு பறந்துவிடும்.

சந்தேகம் தீர, எடுத்து வைத்ததில் பத்து விதையை நீளவாக்கில் பிளேடால் அறுத்துப் பாருங்கள். கெட்டியான, வெண்மையான அல்லது இளமஞ்சள் பருப்பு இருந்தால் விதை நல்லது. பத்துக்கு ஏழு பழுப்பேறியோ சுருங்கியோ இருந்தால் அந்த விதைக்கு வைத்தியம் இல்லை. மிதக்கும் விதை பதர் என்ற சோதனை ஆவாரைக்கும் கொழிஞ்சிக்கும் பொருந்தும். மயிரும் பஞ்சும் உள்ள விதைகளில் நல்லதும் மிதக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

### உப்பியிருக்கிறது, கெடவும் இல்லை, முளையும் இல்லை

சூடு. கறுப்புத் தட்டை வெயிலில் வைத்தால் பங்குனி, சித்திரையில் உள்ளே விதை வேகும். 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் மாற்றி, இன்னும் பத்து நாள் பாருங்கள். ஆடி, ஆவணியில் பையில் விதைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடுவது இந்தத் தொல்லையே இல்லாத காலக்கணக்கு.

## முளைத்தது, ஆனால் நாற்று சாய்கிறது

சாய்ந்த நாற்றில் ஒன்றைப் பிடுங்கி, மண்ணைத் தொட்ட இடத்தைப் பாருங்கள்.

கழுத்து நூலாக மெலிந்து பழுப்பாகியிருக்கிறது. நாற்றழுகல். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மேல்மண் ஒரு விரற்கடை காயும்வரை ஊற்றாதீர்கள். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு ஒரு கரண்டி அகலத்துக்கு அள்ளி அப்புறப்படுத்துங்கள். மற்ற நாற்றுகளுக்கு 3 செ.மீ. இடைவெளி கிடைக்கும்படி கத்தரிக்கோலால் வெட்டிக் கலையுங்கள். பிடுங்கிக் கலைத்தால் பக்கத்து வேரும் அறும். மேலே உலர்ந்த பருமணல் அரை செ.மீ. பரப்பி, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, கழுத்தும் மண்ணும் நனைய ஊற்றுங்கள். அடுத்த விதைப்புக்குத் தடுப்பாக, ஒரு கிலோ மட்கிய தொழு உரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து, அந்த உரத்தையே கலவையில் சேருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். செம்பு மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். இடையில் இரண்டு வாரமாவது விட வேண்டும். புதுக் கலவை, புதுத் தட்டு, அளவான நீர் எல்லாம் இருந்தும் அடுத்தடுத்து இரண்டு விதைப்பு அழுகினால், அழுகிய நாற்றை மண்ணோடு ஈரக் காகிதத்தில் சுற்றி வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். எந்தப் பூஞ்சை என்று தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றி ஊற்றுவது வீண்செலவு.

கத்தியால் வெட்டியது மாதிரி தண்டு துண்டாகியிருக்கிறது. வெட்டுப்புழு, பாச்சை, நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கோடு போய்ப் பார்த்தால் ஆள் அகப்படும். கையால் பொறுக்குவதே போதுமானது. வழவழப்பான வெள்ளித் தடம் இருந்தால் நத்தை. ஈரச்சாக்கை மடித்து அருகில் போட்டு வைத்தால் விடியலில் அதன் அடியில் கூடியிருக்கும்.

தண்டு நன்றாக இருக்கிறது, நெட்டையாக வெளிறி வளைந்திருக்கிறது. வெளிச்சம் போதவில்லை. இந்தச் செடிகள் எல்லாம் வெட்டவெளிக்காரர்கள். முளைத்த மூன்றாம் நாளே காலை வெயில், இரண்டு வாரத்தில் முழு வெயில் என்று பழக்குங்கள். வெளிறியதை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் கருகும்.

## நாற்று நிற்கிறது, இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பார்ப்பதுதான் சோதனை.

எல்லா இலையும் ஒரே மாதிரி வெளிறி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சு முட்டுகிறது. தண்ணீரைக் குறையுங்கள். பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள்.

அடியிலைகள் மட்டும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் ஒருமுறை போதும். யூரியா கரைத்து ஊற்றும் ஆசை வரும். அதன் விளைவு ‘பூ மட்டும் இல்லை’ என்ற தலைப்பில் இருக்கிறது. கொழிஞ்சியில் இந்த மஞ்சள் வந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நகத்தால் நிமிண்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் முண்டுகள் இருந்தால் தழைச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும், காத்திருங்கள். முண்டே இல்லை என்றால் நன்றாக வளரும் கொழிஞ்சியின் அடிமண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்துக் கலந்துவிடுங்கள். நிமிண்டினாலும் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு. அந்தப் பையை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். ஆவாரையும் அதே குடும்பம்தானே என்று அதன் வேரில் முண்டு தேட வேண்டாம், அதற்கு முண்டு பிடிப்பதில்லை.

கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. சுண்ணாம்பு மண்ணிலும் உவர்நீரிலும் வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்து, பத்து நாளில் திரும்பத் தெளியுங்கள். கொழுந்து பச்சை திரும்பினால் கண்டறிந்தது சரி.

இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புதான் காரணம். கலவையில் தென்னைநார்க் கழிவு சேர்த்திருந்தால் அதன் உப்பும் கூட இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இப்போதைக்குப் பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி உப்பை அடித்துளை வழியே வெளியேற்றுங்கள்.

வெளியேற்றியும் திரும்ப வந்தால் பரிசோதனைக்குக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியைக் கழுவி ஒரு லிட்டர் பிடியுங்கள். நிலத்து மண் என்றால் ஐந்தாறு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, வெட்டின் பக்கச் சுவரைச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுங்கள். முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை, 2-ஐத் தாண்டினால் நாற்றுக்கு ஆகாது. மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் என்றால் களர். அதைத் திருத்த ஜிப்சம் எவ்வளவு என்பதைப் பரிசோதனை நிலையத்தார் சொல்ல வேண்டும், கண்மதிப்பில் போடக்கூடாது.

## பையில் செழித்தது, நிலத்தில் நட்டதும் வாடுகிறது

மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். காலையிலும் வாடியிருந்தால்தான் கவலை. அப்போது விரலை அடிமண்ணில் 5 செ.மீ. விட்டுப் பாருங்கள்.

மண் காய்ந்திருக்கிறது. வறட்சி தாங்கும் செடி என்பது வேர் இறங்கிய பிறகு உண்மை. நட்ட முதல் மாதம் அதற்கும் தண்ணீர் வேண்டும்: நட்ட அன்று 2 லிட்டர், பிறகு மழை இல்லாத நாட்களில் நான்கு நாளுக்கு ஒருமுறை 2 லிட்டர், இரண்டாம் மாதம் வாரம் ஒருமுறை. அதோடு நிறுத்துங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவது இதற்கு எதிரானது; வேர் மேலாகவே சுற்றிக்கொண்டு கீழே இறங்காது.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது. செடியை மண்ணோடு தூக்கி வேரைப் பாருங்கள்.

ஆணிவேர் பையின் அடியில் சுருள் கம்பியாகச் சுற்றியிருந்தால் நட்டதே தாமதம். இந்தச் செடிகளில் மேலே இரண்டு இலை இருக்கும்போதே கீழே ஆணிவேர் ஒரு சாண் போயிருக்கும். 20 முதல் 25 செ.மீ. உயரமுள்ள பை வேண்டும். உண்மையிலை ஆறேழு வந்ததும் நட்டுவிட வேண்டும். ஆழமில்லாத தட்டில் முளைக்கவைத்தால் இரண்டாம் உண்மையிலையோடு பைக்கு மாற்றுங்கள், அதற்குப் பிறகு ஆணிவேர் அறுபடும். சுருண்டதை நேராக்க முடியாது. அடிச்சுருளை ஒரே வெட்டாக வெட்டி, மேல் இலைகளில் பாதியைக் கிள்ளி, மழைக்காலமாக இருந்தால் மட்டும் மறுபடி நடலாம்.

கழுத்தில் வெள்ளை நூல்படலமும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் கழுத்தழுகல். செடி போனது போனதுதான். அடிமண்ணை ஒரு அடி ஆழத்துக்கு அள்ளி வெளியேற்றி, அந்தக் குழியில் வேறு செடி வையாதீர்கள். கழுத்தை மூடும்படி மண் அணைப்பதும், ஈர மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போடுவதும் இதை வரவழைக்கும். மூடாக்கு தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். கறையான் வருவதும் பெரும்பாலும் அந்த மூடாக்கு வைக்கோலுக்காகத்தான்.

வேர் கடிபட்டு மொட்டையாக இருந்து, மண்ணில் வளைந்த வெள்ளைப் புழு கிடந்தால் வேர்ப்புழு. மட்காத தொழு உரத்தோடு வந்திருக்கும். பத்துச் செடிக்குள் என்றால் தோண்டிப் பொறுக்கலாம். தோட்டம் முழுக்க என்றால் வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள்; புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எந்த அளவில், எந்த ஈரத்தில் இடுவது என்பதை நிலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

## இலையைக் காணோம்

எருக்கில் கறுப்பு, மஞ்சள் வரிப்புழு, ஆவாரையில் பச்சைப்புழு: இரண்டும் வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள். செடி திரும்பத் தழைக்கும், விட்டுவிடுங்கள். நாட்டுச் செடி வைத்துவிட்டு இவற்றுக்கு மருந்தடிப்பதில் அர்த்தமில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத நாற்றானால் மட்டும் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

காந்தளில் கறுப்பு உடலில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி கொண்ட புழு வேறு ரகம். இரண்டே நாளில் கொடியை மொட்டையடிக்கும், கிழங்கும் அந்த வருடம் பெருக்காது. கையுறையோடு பொறுக்குங்கள். துத்தியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினால் மாவுப்பூச்சி. நீரைப் பீய்ச்சியடித்து, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். கொத்தாக அப்பியிருக்கும் கிளையை வெட்டி எரிப்பது சிக்கனம்.

## தளதளவென்று வளர்கிறது, பூ மட்டும் இல்லை

வயதைப் பாருங்கள். முதல் ஆண்டு வேருக்கு. ஆவாரை இரண்டாம் மழைக்குப் பிறகுதான் ஒழுங்காகப் பூக்கத் தொடங்கும். விதையிலிருந்து வந்த காந்தளுக்கு மூன்று நான்கு பருவம் ஆகும்.

வயது வந்தும் பூக்கவில்லை என்றால் வெயில். நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலுக்குக் குறைந்தால் ஆவாரை இலையோடு நின்றுவிடும். மறைக்கும் கிளையைக் கழிக்க முடியுமா என்று பாருங்கள்.

வெயிலும் உண்டு என்றால் போஷாக்கு மிஞ்சிவிட்டது. கரும்பச்சை இலை, நீண்ட கணு, தொட்டால் ஒடியும் தண்டு இதன் அடையாளம். உரத்தையும் தண்ணீரையும் ஒரு பருவம் முழுக்க நிறுத்துங்கள். பக்கத்தில் காய்கறிப் பாத்திக்குச் சொட்டுநீர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆவாரை வேர் அதுவரை போய்க் குடிக்கும்.

கவாத்துக் கணக்கு தவறுவதும் உண்டு. பூத்து ஓய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். மொட்டு வைக்கும் சமயம் அழகுக்காக நுனியைக் கத்தரித்தால் அந்தச் சுற்றுப் பூ போய்விடும்.

## செங்காந்தள் நன்றாக இருந்தது, இப்போது ஆளையே காணோம்

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் மஞ்சளாகி மறைந்திருந்தால் அது சாகவில்லை. கிழங்குக்குள் உறங்குகிறது. முதல் ஆண்டு நாற்று சின்னப் புல் போல் இருப்பதால், மறைந்ததும் களை என்று நினைத்துத் தொட்டியை வேறு செடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தொட்டியில் பெயர்ப்பலகை குத்தி, நீரை அறவே நிறுத்தி, நிழலில் ஒதுக்கி வையுங்கள். உறக்கத்தில் இருக்கும் கிழங்குக்கு ஊற்றும் நீர் அதை அழுகவைக்கும்.

அடுத்த மழை வந்து ஒரு மாதமாகியும் முளை வரவில்லை என்றால் மண்ணை ஓரத்திலிருந்து மெதுவாக விலக்கிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக, நுனியில் முளைக்கண் முழுசாக இருந்தால் மூடிவிட்டுக் காத்திருங்கள். நுனி ஒடிந்த கிழங்கு முளைக்காது. அதனால்தான் கொத்தால் கிளறக் கூடாது. மெத்தென்று அமுங்கினால் அழுகல். பூக்கும் அளவுக்கு வளர்ந்த கிழங்கு 50 கிராமாவது இருக்கும். விரலளவு கிழங்கிலிருந்து இலைதான் வரும்.

காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. குழந்தையோ ஆடு மாடோ வாய் வைத்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாந்தி, பேதி தொடங்கச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் நேரம் போய்விடும். கையோடு செடியின் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரைப் பாருங்கள்.

## முளைத்தது நான் போட்டதுதானா?

விதைக்கும் அன்றே அதே கலவையை இன்னொரு தொட்டியில் நிரப்பி, விதை போடாமல் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். இரண்டு தொட்டியிலும் முளைப்பது களை. விதைத்ததில் மட்டும் முளைப்பது உங்களுடையது. இதை விட எளிய சோதனை கிடையாது, யாரும் செய்வதும் கிடையாது.

வளர்ந்து பூத்தபின் வேறு செடியாக இருந்தால் விதை கொடுத்தவரைக் கேளுங்கள். ‘காட்டுப்பூ விதைக் கலவை’ என்ற பெயரில் வருவதில் நித்தியகல்யாணியும் பட்டாசுக்காய்ச் செடியும் இருப்பதுண்டு. முன்னது மடகாஸ்கர், பின்னது அமெரிக்கா; எங்கும் தானாக முளைப்பதால் நாட்டுச் செடி போலத் தோன்றுகின்றன. தொட்டிக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். தரிசிலோ காட்டோரத்திலோ தூவியிருந்தால் காய் வெடிக்குமுன் பிடுங்கிவிடுங்கள். பட்டாசுக்காய் நனைந்ததும் வெடித்துச் சிதறும் என்பதால் மழைக்கு முந்திய காய்ந்த நாளில், கிழங்கான வேரையும் சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும்.